"நாம பாக்காத வெயிலா?": கோல்டு கோஸ்ட் கடற்கரைக்கு முதல்முறை போகும் குடும்பங்களுக்கு

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குக் குடிவந்த முதல் வருஷம், ஜனவரி பள்ளி விடுமுறையில் பக்கத்துக் கடற்கரை நகரமான கோல்டு கோஸ்ட்டுக்கு நான்கு நாள் போனோம். நாங்கள் இருவர், ஏழு வயது மகன், நாலு வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த மாமனார். முதல் நாள் காலை பத்து மணிக்கு மணலில் இறங்கியவர்கள் இரண்டரைக்குத்தான் ஏறினோம். வானம் மூடியும் மூடாமலும் மேகம். வெப்பம் 26 டிகிரி. சிலுசிலுவென்று கடல் காற்று. பையில் சன்ஸ்கிரீன் இருந்தது. முகத்துக்கு மட்டும் கொஞ்சம் தடவிக்கொண்டேன். மாமனாரிடம் நீட்டினால், "நாம பாக்காத வெயிலாம்மா?" என்று சிரித்துவிட்டார். மன்னார்குடிப் பக்கம் நாற்பது வருஷம் வயலில் நின்ற மனுஷர். சித்திரை வெயிலைப் பார்த்தவருக்கு இது எம்மாத்திரம் என்றுதான் எனக்கும் பட்டது.

சாயங்காலம் சாப்பிடக் கிளம்பும்போது காரில் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். பெல்ட் பட்ட இடத்தில் தோள் சுரீரென்றது, சூடான தோசைக்கல்லில் பட்ட மாதிரி. ராத்திரி தலை வாரச் சீப்பை வைத்ததும்தான் வகிடும் வெந்துபோயிருப்பது தெரிந்தது. மகனுக்குப் பாதத்தின் மேல்புறம். செருப்பு வார் பட்டாலே அழுதான். மாமனாருக்கு முன்வழுக்கை, பிடரி, காது நுனி. மறுநாள் காலை அந்தக் காது நுனியில் சின்னச் சின்னதாக நீர்க்கொப்புளம். சின்னவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சைல்டுகேரில் சொன்னார்களே என்று வாங்கிய முழுக்கை நீச்சல் உடையும், காதையும் பிடரியையும் மூடும் துணி தொங்கும் தொப்பியும் அன்று முழுக்க அவள் மேல் இருந்தன. அவளைப் பார்த்துத்தான் மற்ற நாலு பேரும் பாடம் படித்தோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் புதிதாக வந்த குடும்பம் ஏதாவது ஒன்று இதே கதையோடு போன் செய்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கருப்புத் தோல் வேகாதா?

வேகும். தோலுக்குக் கருநிறம் கொடுக்கும் மெலனின் காப்பும் கொடுக்கும் என்பது நிஜம். ஆனால் மிகக் கருத்த தோலுக்கே அந்தக் காப்பு எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் அட்டையில் போடும் காப்பு எண்) 13 அளவுக்குத்தான் என்று சொல்வார்கள். நம்மில் பலருக்கு அதுவும் இருக்காது. வெள்ளைக்காரர் இருபது நிமிஷத்தில் சிவப்பார், நாம் ஒன்றரை மணி நேரத்தில் வேகிறோம். நாலரை மணி நேரம் மணலில் கிடந்தால் இரண்டு பேருக்கும் கதை ஒன்றுதான். இன்னொரு சிக்கல், நம் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. கறுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். தொட்டால் கொதிக்கும், இழுத்துக்கட்டின மாதிரி விறைப்பாக இருக்கும், துணி பட்டால் எரியும். கண்ணாடியை நம்பாதீர்கள், புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

அப்படியானால் ஊரில் ஏன் இப்படி ஆகவில்லை? சென்னையிலும் உச்சி வேளையில் புற ஊதாக் கதிர் இந்த அளவுக்கு ஏறும் நாட்கள் உண்டு. யோசித்துப் பார்த்தால் விடை சுலபம். மெரினாவுக்கு நாம் பகல் பதினொரு மணிக்கா போனோம்? சாயங்காலம் ஐந்து மணிக்கு, முழு உடையோடு போய், சுண்டல் வாங்கிக்கொண்டு, காலை மட்டும் நனைத்துவிட்டு வந்தோம். மாமனாரும் அப்படித்தான். விடியும் முன்னே வயலுக்குப் போவார், பதினோரு மணிக்கு மேல் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார், தலையில் துண்டு முண்டாசாக இருக்கும். அவரை அத்தனை வருஷம் காப்பாற்றியதில் பாதிப் பங்கு அந்தத் துண்டுக்கும் மரத்துக்கும். கோல்டு கோஸ்ட்டில் இரண்டையும் விட்டுவிட்டு, உச்சி வேளையில் வெற்றுடம்போடு நின்றார்.

சூடும் புற ஊதாக் கதிரும் வேறு வேறு. இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான விஷயம். திருச்சியில் 40 டிகிரி அடித்தால் உடம்பே நம்மை உள்ளே துரத்திவிடும். இங்கே 26 டிகிரியில், கடல் காற்றில், ஈர உடம்போடு இருக்கும்போது அந்த எச்சரிக்கை மணி அடிப்பதே இல்லை. கதிர் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மெல்லிய மேகத்தைத் தாண்டி அதில் 90 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ளதில் 40 சதவீதம் இருக்கும். மணலில் பட்டுத் திரும்புவது சுமார் 15 சதவீதம், அலை நுரையில் பட்டுத் திரும்புவது சுமார் 25 சதவீதம். போதாக்குறைக்கு ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. அதனால் தென்கோளக் கோடையில் விழும் வெயில், வடகோளக் கோடையைவிட ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல்.

முதல் வேலை: கடிகாரம் பார்ப்பது

காலையில் எழுந்ததும் வெப்பநிலையைப் பார்ப்பதுபோல, புற ஊதாக் கதிரின் அளவைச் சொல்லும் யுவி இண்டெக்ஸையும் பாருங்கள். இங்கே வானிலைத் துறையின் ஆப்பிலேயே வரும். சன்ஸ்மார்ட் என்ற இலவச ஆப் இன்னும் வசதி. இன்று எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை காப்பு தேவை என்று ஊர்வாரியாகச் சொல்லிவிடும். எண் 3-ஐத் தொட்டால் உடம்பை மூட வேண்டும், 8-க்கு மேல் மிக அதிகம், 11-க்கு மேல் அதீதம். கோல்டு கோஸ்ட்டில் ஜனவரி நண்பகலில் 12, 13 என்பது சர்வ சாதாரணம். ஜூன், ஜூலையிலும் நண்பகலில் 3-ஐத் தாண்டும் என்பதால், குளிர்காலம்தானே என்று விட்டுவிட முடியாது.

குயின்ஸ்லாந்தில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் கோல்டு கோஸ்ட்டில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னதாகவே. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் சிட்னியில் உச்சி வேளை ஒரு மணிவாக்கில். குயின்ஸ்லாந்தும் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸும் ஒட்டிக்கிடக்கும் கூலங்கட்டா, ட்வீட் ஹெட்ஸ் பக்கம் தங்கினால் தெருவைத் தாண்டினால் ஒரு மணி நேரம் மாறிவிடும். போன் எந்த மாநில நேரத்தைக் காட்டுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் இங்கே காலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் வீணடிக்கும் பெரிய சொத்து இதுதான். ஐந்தரைக்கு மணலில் இறங்கினால் ஏழு, ஏழே கால் வரை கதிர் தொல்லை இல்லாமல் ஆடலாம். உள்ளூர்க்காரர்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் கடற்கரையில் இருப்பார்கள். பிறகு மாலை நாலு, நாலரைக்கு மேல் இன்னொரு ஆட்டம். நடுவில் இட்லி, தூக்கம், சீட்டுக்கட்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும், உயிர்காக்கும் வீரர்கள் கொடி நடாத நேரத்தில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துணிதான் முதல் மருந்து

1981-இல் விக்டோரியா மாநிலப் புற்றுநோய்த் தடுப்பு அமைப்பு, சிட் என்ற சீகல் பறவையை ஆடவிட்டு ஒரு விளம்பரம் போட்டது. சட்டையை மாட்டு, கிரீமைத் தடவு, தொப்பியை வை என்பதுதான் அதன் பாட்டு. இன்றைக்கும் இங்கே சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பின்னாளில் நிழல் தேடு, கண்ணாடி போடு என்று இரண்டைச் சேர்த்தார்கள். அந்த வரிசையில் சட்டை முதலில் வருவதைக் கவனியுங்கள். கிரீம் வியர்வையில் கரையும், துண்டால் துடைத்தால் போகும், தடவ மறந்துபோகும். சட்டைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இங்கே ரேஷி என்பார்கள்: உடம்போடு ஒட்டும், சீக்கிரம் காயும் நீச்சல் சட்டை. அட்டையில் யுபிஎஃப் (துணிக்கான காப்பு எண்) 50+ என்று இருக்கிறதா, முழுக்கையா என்று பார்த்து ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். குழந்தைகளுக்கு முட்டி வரை வரும் ஒரே உடுப்பாகக் கிடைக்கும். பழைய வெள்ளைப் பருத்தி டிஷர்ட் போதாதா என்று கேட்பார்கள். நனைந்ததும் உள்ளே இருப்பது வெளியே தெரியும் துணி எதுவோ, அதன் வழியாகக் கதிரும் போகும். நம் பெண்களுக்கு இதில் ஒரு கூடுதல் சௌகரியம்: நீச்சல் உடைக்குக் கூச்சப்பட்டு மணலிலேயே உட்கார்ந்திருந்த என் அம்மா, ரேஷியும் லெகிங்ஸும் போட்டுக்கொண்டு முதல்முறையாக இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.

தொப்பி என்றால் கிரிக்கெட் தொப்பி ஆகாது. காதும் பிடரியும் வெளியே நிற்கும். சுற்றிலும் அகல விளிம்புள்ளதோ, பின்னால் துணி தொங்குவதோ வேண்டும். இங்கே பள்ளிகளில் தொப்பி இல்லையென்றால் விளையாட்டும் இல்லை என்பது சட்டம் மாதிரி. பிள்ளையின் பள்ளித் தொப்பியையே எடுத்துப் போகலாம். வகிடு எடுத்துச் சீவுகிறவர்கள் அன்றைக்கு வகிட்டை மாற்றிச் சீவினாலும் பிரயோஜனம் இல்லை. தொப்பிதான்.

நிழலுக்கு எங்கே போவது

பீச் ஷெல்டர் எனப்படும் சின்னக் கூடாரத்தை சூப்பர்மார்க்கெட்டிலேயே வாங்கலாம். அதன் மூலைப் பைகளில் மணலை நிரப்பாவிட்டால் காற்று தூக்கிப்போய் பக்கத்தில் இருப்பவர் மேல் போடும். நிழலுக்குள் இருந்தாலும் மணலிலிருந்தும் வானத்திலிருந்தும் சிதறி வரும் கதிர் உண்டு. உள்ளே உட்கார்ந்தாலும் சட்டை வேண்டும்.

நம்மைக் குழப்பும் ஒன்று: தெற்குக் கோளத்தில் இந்த ஊர்ப்பக்கம் உச்சி வேளையில் சூரியன் வடக்குப் பக்கமாக இருக்கும். மரமோ கூடாரமோ, அப்போது நிழல் அதன் தெற்கே விழும். கோல்டு கோஸ்ட்டில் கடல் கிழக்கே இருப்பதால், கடலைப் பார்த்துத் திறந்த கூடாரத்துக்குள் காலை முழுக்க வெயில் நேராக வந்து உட்காரும். சூரியன் நகர நகர, திறப்பை வெயில் படாத பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். பிள்ளைகள் கண்ணில் படும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்ஃபர்ஸ் பாரடைஸில் வேறு கதை. அங்கே மேற்கே வரிசையாக நிற்கும் வானுயரக் கட்டடங்கள் பிற்பகலில் மணல் மேல் நிழலைப் படுக்கப் போட்டுவிடும். ஊர்க்காரர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது வரம்.

கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் திறந்த கடற்கரையை விட்டுவிடலாம். பர்லி ஹெட்ஸில் கரையை ஒட்டி நார்ஃபோக் பைன் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. டாலபட்ஜெரா ஓடையில் அலை இல்லாத தெளிந்த தண்ணீர், கரையில் மரநிழல். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீனைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. நிழலும் துணியும்தான் அதற்குக் காப்பு.

கிரீமை எவ்வளவு, எப்படி

ஊரில் சன்ஸ்கிரீன் என்றால் முகத்துக்கு, பட்டாணி அளவு, கறுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஐம்பது கிராம் டியூப் இரண்டு மாதம் வரும். இங்கே கணக்கே வேறு. பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஏழு டீஸ்பூன், அதாவது சுமார் 35 மில்லி. ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் ஒரு ஸ்பூன், நெஞ்சும் வயிறும் ஒன்று, முதுகு ஒன்று, முகம் கழுத்து காது ஒன்று. இரண்டு பெரியவரும் இரண்டு பிள்ளைகளும் ஒரு தடவை தடவினாலே 110 மில்லி டியூப் காலி. இரண்டு மணி நேரத்தில் மறுபடி தடவ வேண்டும். அதனால்தான் இங்கே பம்ப் வைத்த ஒரு லிட்டர் பாட்டில் விற்கிறார்கள். சூப்பர்மார்க்கெட்டின் சொந்தப் பிராண்டே போதும், விலை கூடியதுதான் நல்லது என்றில்லை. அட்டையில் எஸ்பிஎஃப் 50+, பிராட் ஸ்பெக்ட்ரம் (புற ஊதாக் கதிரின் ஏ, பி இரண்டு வகையையும் தடுப்பது), வாட்டர் ரெசிஸ்டன்ட் என்ற மூன்றும், அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கொடுக்கும் ஆஸ்ட் எல் (AUST L) எண்ணும் இருக்க வேண்டும்.

நான்கு மணி நேரம் தண்ணீர் தாங்கும் என்று போட்டிருந்தால், நாலு மணி நேரம் மறுபடி தடவ வேண்டாம் என்று அர்த்தமில்லை. கடலிலிருந்து ஏறித் துண்டால் துடைத்ததும் பாதி துண்டோடு போய்விடும். எஸ்பிஎஃப் 30-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் எண்ணில் தெரிகிற அளவு பெரிதில்லை. முன்னது எரிக்கும் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், பின்னது 98. ஆனால் யாரும் சோதனைச்சாலையில் தடவும் அளவுக்குத் தடவுவதில்லை என்பதால் 50 வாங்குவதே உத்தமம். 2025-இல் இங்குள்ள நுகர்வோர் அமைப்பான சாய்ஸ் இருபது சன்ஸ்கிரீன்களைச் சோதித்தது. பதினாறு, அட்டையில் போட்ட எண்ணை எட்டவில்லை. கிரீமைக் கடைசியில் வைத்து நான் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தடவும் முறை. கிளம்புவதற்கு இருபது நிமிஷம் முன்பு, அறையிலேயே, நீச்சல் உடையைப் போடுவதற்கு முன்னால். மணல் ஒட்டிய உடம்பில் தடவினால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரி இருக்கும், பிள்ளை மறுமுறை கிட்டவே வராது. எல்லோரும் மறக்கும் இடங்கள்: காது மடலின் மேல் விளிம்பு, பிடரி, முட்டிக்குப் பின்புறம், பாதத்தின் மேல், உடுப்பு முடியும் ஓரம். உதட்டுக்குத் தனியே எஸ்பிஎஃப் உள்ள லிப் பாம். ஸ்ப்ரே வேண்டாம், கடற்கரைக் காற்றில் முக்கால்வாசி பக்கத்திலிருப்பவருக்குப் போகும், மிச்சம் எங்கே பட்டது என்று தெரியாது. ஜிங்க் கலந்ததைத் தடவினால் நம் நிறத்துக்குச் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். மாமனார் இரண்டாம் முறை தடவிக்கொண்டபோது கண்ணாடியைப் பார்த்து, "உடம்பெல்லாம் விபூதி பூசின மாதிரி இருக்கே" என்றார். அது பிடிக்காதவர்களுக்கு வெள்ளை தெரியாத வகையும் நிறம் கலந்த வகையும் கிடைக்கின்றன. பாட்டிலைக் காரில் விடாதீர்கள். 30 டிகிரிக்கு மேல் சூடேறினால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும். மூடிய கார் அதைவிட எவ்வளவோ சூடு. தேங்காய் எண்ணெய் எந்தக் கணக்கிலும் சன்ஸ்கிரீன் ஆகாது.

ஊரிலிருந்து வந்த பெற்றோரின் மாத்திரைப் பெட்டியையும் பாருங்கள். பெயரின் கடைசியில் எச் என்று வரும் பிபி மாத்திரைகள் பலவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கும். அது தோலை வெயிலுக்குச் சீக்கிரம் வேகவைக்கும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே. மாத்திரையை நிறுத்த வேண்டாம், உடம்பை இன்னும் கவனமாக மூடினால் போதும். எலுமிச்சையையும் பச்சை லைமையும் மணலில் உட்கார்ந்து பிழியாதீர்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் இரண்டு நாளில் கோடு கோடாகக் கொப்புளம் வரும். ஜூஸை அறையிலேயே போட்டுக் கையைக் கழுவிவிட்டுக் கொண்டுபோங்கள்.

வெந்தே விட்டதா? அன்று ராத்திரி

சன்பர்ன் உடனே தெரியாது. மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கும், பன்னிரண்டு முதல் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அதனால் "லேசா எரியுது" என்ற கட்டத்திலேயே நிழலுக்குப் போய்விட வேண்டும். எரிச்சலை உணர்கிற நேரத்தில் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீரில், சோப் போடாமல், பத்துப் பதினைந்து நிமிஷம் குளியுங்கள். தோள், பிடரி போன்ற இடங்களில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைப் போட்டு, சூடேறியதும் மறுபடி நனைத்துப் போடுங்கள். எங்களிடம் இருந்தது மாமனாரின் ஈரிழைத் துண்டுதான். ராத்திரி முழுக்க அதுதான் வேலை செய்தது. தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ கற்றாழை ஜெல்லோ தடவுங்கள். வீட்டுச் சோற்றுக்கற்றாழை என்றால் வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட வேண்டும், அது அரிக்கும். வலிக்குப் பாராசிட்டமால். பெரியவர்கள் சாப்பிட்ட பிறகு இபுப்ரோஃபென் எடுக்கலாம். ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்கள் பார்மசிஸ்ட்டைக் கேட்காமல் தொடக் கூடாது. வாந்தி எடுத்து நீர் வற்றிய பிள்ளைக்கும் இபுப்ரோஃபென் வேண்டாம். பிள்ளைகளுக்கு எந்த மருந்தும் எடைக் கணக்குப்படி, அட்டையில் உள்ள அளவுதான். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. தண்ணீர், மோர், இளநீர் என்று கேட்காமலே கொடுத்துக்கொண்டிருங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று அர்த்தம்.

இனி செய்யக் கூடாதது. நம் வீடுகளில் இந்தப் பட்டியல் நீளம். சுட்ட இடத்தில் இட்லி மாவு பூசுவது, டூத்பேஸ்ட், மஞ்சள், வெண்ணெய், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். ஐஸ் வெந்த தோலை இன்னும் புண்ணாக்கும்; மாவும் தயிரும் கொப்புளம் உடைந்தால் கிருமிக்கு விருந்து. உடம்புச் சூடு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்கப் பார்ப்பார்கள். முதல் நாளில் எண்ணெயும் வாஸலினும் சூட்டை உள்ளேயே பூட்டிவிடும். என் அம்மா வீடியோ காலில் நல்லெண்ணெயைச் சொன்னார், அத்தை தயிரைச் சொன்னார், சித்தி உருளைக்கிழங்கைச் சொன்னார். மூவருக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டு ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தேன். மரத்துப்போக வைக்கும் களிம்புகளும் வேண்டாம், சிலருக்கு அலர்ஜி கொடுக்கும். கொப்புளத்தை உடைக்காதீர்கள், தானாக உடைந்தால் கழுவி, ஒட்டாத கட்டுத்துணியால் மூடுங்கள்.

படுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தோள் வெந்தால் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும், பாதம் வெந்தால் போர்வை பட்டாலே எரியும். மகனுக்குக் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு தலையணையை நிறுத்தி, அதன் மேல் போர்வையைக் கூடாரம் மாதிரிப் போட்டோம். அழுகையை நிறுத்திவிட்டு அதற்குள் டார்ச் அடித்து விளையாட ஆரம்பித்தான்.

டாக்டரிடம் எப்போது

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் சின்ன சன்பர்னுக்கே போய்விடுங்கள். மற்றவர்களுக்கு, கொப்புளம் பெரிய இடத்தில் பரவினால், முகம் வீங்கினால், காய்ச்சலும் குளிரும் வந்தால், நிற்காத வாந்தி, கடும் தலைவலி, கண் வலி, சில நாள் கழித்து சீழ் வைத்தால். பேச்சு குழறுவது, ஆள் தெரியாமல் உளறுவது, மயங்கி விழுவது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம்; யோசிக்காமல் அவசர எண் 000-க்கு அழையுங்கள்.

அவசரமா இல்லையா என்று தெரியவில்லை என்றால் குயின்ஸ்லாந்தில் 13 43 25 84, எந்த நேரமும் நர்ஸ் பேசுவார். மற்ற பெரும்பாலான மாநிலங்களில் 1800 022 222. ஆங்கிலம் தடுமாறும் பெற்றோர் தனியே இருந்தால் 131 450-க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்கு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடையாது, இந்தியாவோடு அப்படி ஒப்பந்தமும் இல்லை. டாக்டர் செலவு முழுக்கக் கைக்காசு. அவர்களுடைய இன்ஷூரன்ஸ் பேப்பரை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாமனாரின் காதுக்கு நாங்கள் பார்மசியோடு தப்பித்தோம். அங்கே இருந்த பெண் காதைப் பார்த்துவிட்டு, "தொப்பி?" என்று மட்டும் கேட்டார்.

உரியும்போது, கறுக்கும்போது

நாலைந்து நாளில் தோல் உரியத் தொடங்கும். பிய்க்கக் கூடாது, மாய்ஸ்சரைசர் தடவிக்கொண்டே இருந்தால் தானாகப் போகும். கீழே வரும் புதுத் தோல் மிக மென்மையானது; அது மறுபடி வெயில் பட்டால் முதலில் வெந்ததைவிட மோசம். நம் நிறத்தில் அதற்குப் பிறகு திட்டுத்திட்டாகக் கருமை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். ஊரிலிருந்து "ஏன் இப்படிக் கறுத்துட்டே?" என்ற விசாரிப்பு வரும். அதைக் கேட்டு வெளுக்க வைக்கும் கிரீம், எலுமிச்சை, பிளீச் என்று இறங்காதீர்கள். அந்தக் கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், தோலை மெலியவைக்கும். கறுப்பதைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு நாம் வேவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பயப்பட வேண்டியது பின்னதற்கு. நமக்குத் தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களைவிட மிகக் குறைவு என்பது உண்மை. வந்தால் உள்ளங்கால், நகத்தின் அடி என்று யாரும் பார்க்காத இடத்தில் வந்து, தாமதமாகக் கண்ணில் படும். அங்கே புதிதாகக் கறுப்புக் கோடோ மச்சமோ வந்தால் குடும்ப டாக்டரான ஜிபியிடம் காட்டுங்கள்.

மிச்சமிருக்கும் நாட்கள்

அறைக்குப் பணம் கட்டியாயிற்று, வீட்டுக்குத் திரும்ப மனம் வராது. பகலில் மலைப்பக்கம் போங்கள். ஸ்பிரிங்புரூக், லாமிங்டன் இரண்டும் காரில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய மழைக்காடுகள்; உள்ளே நடந்தால் தலைக்கு மேல் இலைதான். ஸ்பிரிங்புரூக்கில் நேச்சுரல் பிரிட்ஜ் என்ற குகைக்கு இருட்டிய பிறகு போனால் கூரை முழுக்க நீலமாக மினுக்கும் புழுக்களைப் பார்க்கலாம். டார்ச்சை அவற்றின் மேல் அடிக்கக் கூடாது. போர்வைக்குள் டார்ச் அடித்த என் மகனுக்கு அது மட்டும் வருத்தம்.

நாலாம் நாள் காலை ஐந்தரைக்குக் கடற்கரைக்கு வந்தோம். ரேஷி எல்லோருக்கும் வாங்கியாயிற்று. மாமனார் தொப்பி வேண்டாம் என்று சொல்லி, ஈரிழைத் துண்டை முண்டாசாகக் கட்டி, ஒரு முனையைக் காதோடு பிடரியில் தொங்கவிட்டிருந்தார். அதுவும் சரிதான். ஏழு மணிக்கு மணலில் நின்று, தன் நிழலின் தலைப்பக்கத்தை மகனை விட்டுக் குச்சியால் கோடு போடச் சொல்லி, அடி மேல் அடி வைத்து அளந்தார். ஊரில் கடிகாரம் இல்லாத காலத்தில் இப்படித்தான் நேரம் பார்ப்பார்களாம்.

"பதினாலு அடி. ஏழு அடிக்கு வந்துட்டா வெயில் ஏறிடுச்சுன்னு அர்த்தம்" என்றார்.

ஆப்பைப் பார்த்தேன். யுவி 2. "ஏழு அடிக்கெல்லாம் காத்திருக்க வேணாம் மாமா, இங்க அதுக்கு முன்னாடியே மூணைத் தாண்டிடும்" என்றேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு, மணலைத் தட்டி, கிளம்பினோம்.